காயும் எண்ணெய்

அன்புள்ள அண்ணி,

இன்று காலை என் வீட்டு வாசல் கதவுக்கு வார்னிஷ் அடிக்க வந்த பெயிண்டர் ஒரு சின்ன டின்னைத் திறந்தார். நான் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வாசனை வந்ததும் கீரையை முறத்திலேயே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். அறுபத்தாறு வயதுக்காரி ஓடி வருவதைப் பார்த்து அவர் பயந்துவிட்டார்.

"இன்னா ஆச்சிம்மா? நெடி தாங்கலியா?"

"இது இன்னா எண்ணெய்?" என்றேன், தெரிந்துகொண்டே.

"லின்சீட்மா. கதவு வெயில்ல காஞ்சி கெடக்குது. மொதல்ல இத்தக் குடுத்துட்டு அப்பறமா வார்னிஷ் போட்டா நல்லா நிக்கும்."

ஒரு மூடி அளவு கேட்டு வாங்கிக்கொண்டேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை. நீங்களாக இருந்தால் கேட்டிருப்பீர்கள். எதற்கு, எவ்வளவு, போட்டால் என்ன ஆகும், போடாவிட்டால் என்ன ஆகும் என்று வரிசையாகக் கேட்டிருப்பீர்கள். நீங்கள் போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. எதையும் கேட்காமல் விடும் பழக்கம் உங்களுக்கு இருந்ததில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மத்தியானம், முதலியார்பேட்டையில் நம் வீட்டு வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா வந்து நின்றது. அதில் நீங்கள் உட்கார இடமில்லாமல் பின்னாலேயே நடந்து வந்தீர்கள். சீட்டில் ஒய்யாரமாகப் படுத்திருந்தது ஒரு பலகை. ஒன்பது அடி நீளம், ஒரு பக்கம் கூர், மறுபக்கம் தட்டை, அடியில் மீன் துடுப்பு மாதிரி ஒரு கட்டை. தெருவே கூடிவிட்டது. கீல் இல்லாத கதவு என்றார் ஒருவர். ராட்சசனுக்கு இஸ்திரி போடும் மேசை என்றார் இன்னொருவர். எதிர்வீட்டுப் பெரியவர் மட்டும் தாழ்ந்த குரலில், "யார் வீட்டுப் பொணத்துக்குமா?" என்று கேட்டு உங்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அது முசியேவின் அலைப்பலகை, கடல் அலைமேல் நின்று சறுக்குவது. வெள்ளைக்காரத் தெருவில் நீங்கள் சமைத்துக்கொண்டிருந்த வீட்டு இளைஞர் அவர், ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் முசியே என்றே அவரைக் கூப்பிடுவீர்கள். பிரான்சிலிருந்து இங்கே பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித்தர வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போவார். அவர் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்தது. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார். ஒரு வருடத்தில் திரும்பி வருவேன், அதுவரை இது உங்களிடம் இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டுப் போனார். செத்துப்போன அவர் அப்பா தன் கையால் இழைத்து ஒட்டிய பலகை அது. அதைச் சொல்லும்போது முசியே தன் உள்ளங்கையைத் தட்டிக் காட்டினாராம். அவருக்குத் தமிழ் பத்து வார்த்தை, உங்களுக்குச் சமையலறைப் பிரெஞ்சு இருபது வார்த்தை. அதிலேயே எல்லாம் பேசி முடித்துவிடுவீர்கள் இரண்டு பேரும்.

அந்தப் பலகை உங்களுக்கு வெறும் பலகை இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு முன்னால் நீங்கள் வேலை பார்த்த பிரெஞ்சுக்கார மதாம் வீட்டில் ஒரு வெள்ளிக் கரண்டி காணாமல் போய், உங்களை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கரண்டி பிறகு அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது. கிடைத்தது என்ற சேதி வந்ததே தவிர, உங்களை யாரும் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கப்புறம் ஒரு வருடம் நீங்கள் வேலை தேடிப் போன வீடுகளிலெல்லாம் கரண்டி உங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. அதனால்தான் ரிக்‌ஷாவிலிருந்து பலகையை இறக்கும்போது அண்ணனிடம் சொன்னீர்கள்: "குடுத்த பொருள குடுத்தபடி குடுக்கணும். ஒரு கீறல் விழுந்தாலும் எம் பேரு போச்சி."

ஒற்றை அறை வீட்டில் ஒன்பது அடியை எங்கே வைப்பது? கட்டிலுக்கு அடியில் போட்டோம். இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. "இது வந்ததுலேர்ந்து எங்கால் கட்டவிரல் என்னுது இல்ல," என்று அண்ணன் புலம்பாத நாள் கிடையாது. நீங்களோ வேலை முடிந்து வந்தால் குனிந்து அதைத்தான் முதலில் பார்ப்பீர்கள். மூக்குப் பக்கம் ஒரு பித்தளைத் திருகாணி இருந்தது. அதைத் திறந்து ஓட்டையில் காதை வைத்துக் கேட்டீர்கள். "உள்ள வெறும் கூடு பாப்பா. காத்துதான் இருக்குது. அப்ப மரத்து மேலயா நிக்கிறாரு? காத்து மேலதான் நிக்கிறாரு!" இந்தக் கண்டுபிடிப்பு உங்களுக்கு ஒரு வாரம் தாங்கியது.

முசியே ஒரு பாட்டிலில் எண்ணெய் கொடுத்திருந்தார், பேர் ஒட்டாத பழைய பாட்டில். கூடவே பிரெஞ்சில் எழுதிய ஒரு காகிதம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பழைய துணியால் மெல்லிசாக ஒரு பூச்சு, வெயிலில் வைக்கக்கூடாது. இதையெல்லாம் அவர் செய்தே காட்டியிருந்ததால் காகிதம் உங்களுக்குத் தேவைப்படவில்லை. நீங்கள் பூசுகிற அழகை நான் படிக்கிற சாக்கில் உட்கார்ந்து பார்ப்பேன். துணியைச் சுருட்டி, ஒரு சொட்டு விட்டு, மரத்தின் வரி போகும் திசையிலேயே தேய்ப்பீர்கள். வெளிறிக் கிடந்த பலகை, துணி போன இடமெல்லாம் தேன் நிறத்துக்கு வரும். மூன்றாம் நாள் கையை வைத்தால் ஒட்டாது. "வயிறு நெறஞ்ச மரம் தண்ணி கேக்காது," என்பீர்கள்.

இரண்டு பூச்சில் பாட்டில் காலி. மூன்றாவது பூச்சுக்கு எண்ணெய் வாங்க வேண்டும், பேர் தெரிய வேண்டும். காகிதம் என் கைக்கு வந்தது.

என் பெருமையை இங்கே சொல்லியே ஆகவேண்டும். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் பிரவே பரீட்சை எழுதித் தேறியவள் நான். நம் குடும்பத்தில் பிரெஞ்சு தெரிந்த ஒரே ஆள். தெருவில் யாருக்காவது பிரான்சு பென்ஷன் காகிதம் வந்தால் என்னிடம்தான் எடுத்து வருவார்கள். தெரியாத வார்த்தை வந்தாலும் தெரிந்த மாதிரியே படித்துவிடுவேன். குறைகுடம் தளும்பும் என்று சும்மாவா சொன்னார்கள்.

காகிதத்தில் எண்ணெயின் பேராக இருந்தது மூன்று வார்த்தை. "உயில் து லேன்," என்று படித்தேன். உயில் என்றால் எண்ணெய், அது தெரியும். கடைசி வார்த்தையை எழுதுவது லின் என்று, வாயில் சொல்வது லேன் என்று. அதுவும் எனக்குத் தெரிந்த வார்த்தைதான்! எங்கள் பாடப் புத்தகத்தில் துணி வகைகள் என்று ஒரு பாடம் இருந்தது. பட்டு, கம்பளி, லேன். லேன் என்றால் லினன் துணி. அப்படியானால் துணி எண்ணெய். துணிக்கு ஏது எண்ணெய் என்று ஒரு நொடி தயங்கினேன். நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"துணி மில்லுல போடற எண்ணெய் அண்ணி," என்றேன். "அண்ணன் கதிருக்கு விடறாரே, அதான்."

அண்ணனுக்கு மில்லில் வேலையே அதுதானே, நூற்பு மிஷின் கதிர்களுக்கு எண்ணெய் விடுவது. மேஸ்திரியிடம் கேட்டு ஒரு பாட்டில் கொண்டுவந்தார். நீங்கள் மூடியைத் திறந்து முகர்ந்தீர்கள். மறுபடி முகர்ந்தீர்கள்.

"இது அது இல்ல பாப்பா. அதுல கொட்டய வறுத்தாப்ல ஒரு வாசன, அதுக்கடியில லேசா கருவாடு. இது வெறும் மிஷினு."

"மூக்குக்குப் பிரெஞ்சு தெரியுமா அண்ணி?" என்று கேட்டேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். நீங்களும் கூடச் சிரித்துவிட்டு, எழுத்துப் படித்தவள் சொல்கிறாள் என்று துணியை எடுத்தீர்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். அந்த வீட்டில் கழுதை யார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் கையை வைத்தால் ஒட்டியது. பத்தாம் நாளும் ஒட்டியது. பலகைக்கு வேர்த்தது என்றுதான் சொல்ல வேண்டும். தெருப் புழுதி எல்லாம் வந்து அதில் படிந்தது. துடைக்கத் துடைக்க எண்ணெய் மேலே வந்தது. நடுவில் அதிகமாக ஊற்றிய இடம் கருத்து, இரண்டு கை அகலத்துக்குக் கறை விழுந்தது. "கொஞ்ச நாள் ஆவும் அண்ணி," என்றேன் நான். எதை வைத்துச் சொன்னேனோ.

வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள், அல்லது என்னைப் பிடித்து உலுக்கியிருப்பார்கள். நீங்கள் கடையிலிருந்து பெட்டிப் பலகை ஒன்று கொண்டுவந்தீர்கள். அதில் வரிசையாக ஐந்து இடத்தில் ஐந்து எண்ணெய் தடவினீர்கள். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய், கடைசியில் மில் எண்ணெய். பக்கத்தில் பேர் எழுதச் சொன்னீர்கள். தினமும் வேலைக்குப் போகுமுன் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்ப்பீர்கள். நல்லெண்ணெய் பிசுபிசுத்தது. விளக்கெண்ணெய் போட்ட மாதிரியே இருந்தது. "காயற எண்ணெய்னு ஒண்ணு எங்கியோ இருக்குது பாப்பா. ரெண்டு மாசம் எங்கையில இருந்திச்சே!" என்றீர்கள். "எண்ணெய் எங்கியாவது காயுமா அண்ணி?" என்று அதற்கும் சிரித்தேன்.

உங்கள் மூக்குதான் கடைசியில் ஜெயித்தது. ஒருநாள் காய்கறி வாங்கிக்கொண்டு வரும் வழியில், ஒரு துணிக்கடைக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்த பாயைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டீர்களாம். அவர் பெயிண்டில் கலந்துகொண்டிருந்த எண்ணெயை முகர்ந்து பார்க்கலாமா என்று கேட்டீர்களாம். "இதுவரைக்கும் விலை கேட்டிருக்காங்க, வாசன கேட்டது நீதாம்மா," என்று அவர் காலி டின் ஒன்றையே கொடுத்தனுப்பினார். வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினீர்கள்.

"கெடைச்சிடிச்சி பாப்பா! லின்சீட்டாம்! மரத்துக்கெல்லாம் அதானாம்!"

டின்னை வாங்கிப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் லின்சீட் என்று போட்டிருந்தது. முதல் மூன்று எழுத்து, முசியேவின் காகிதத்தில் இருந்த அதே மூன்று எழுத்து. பிறகு பள்ளிக்கூட அகராதியில் தேடிப் பார்த்தேன். ஒரே செடிதான் அண்ணி. தண்டிலிருந்து துணி, விதையிலிருந்து எண்ணெய். நம்மூர் ஆளி விதை.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். காகிதம் சரியாகத்தான் சொல்லியது, நான்தான் தப்பாகப் படித்தேன் என்று ஒரு வரி. "ஓ, அதுக்கு இப்பிடி ஒரு பேரும் இருக்குதா?" என்று மட்டும் சொன்னேன். நீங்கள் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனீர்கள்.

பலகை குடித்த மில் எண்ணெயை வெளியே எடுக்க பாய்தான் வழி சொன்னார். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, சுண்ணாம்புப் பொடியைக் கொட்டி, காலை இளவெயிலில் மட்டும் வைப்பது. பொடி எண்ணெயை உறிஞ்சி மஞ்சளாகும். தட்டிவிட்டு மறுபடி கொட்டுவோம். இப்படியே ஒரு மாதத்துக்கு மேல். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். என் விரல் நுனிகள் தேய்ந்து போனதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. ஏன் என்று உங்களிடம் சொல்லவில்லை. எல்லாம் போயிற்று. நடுவில் விழுந்த கறை மட்டும் போகவில்லை.

லின்சீட் பூசிய முதல் நாள் இன்னொரு அதிசயம் நடந்தது. பூசிவிட்டுத் துணிகளைச் சுருட்டி ஒரு மூலையில் போட்டிருந்தோம். சாயங்காலம் அதை எடுக்கப் போனவர் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"பாப்பா, இத்தத் தொட்டுப் பாரு. சுடுது!"

தொட்டேன். உண்மையாகவே உள்ளே சுட்டது. பக்கத்தில் அடுப்பும் இல்லை, வெயிலும் இல்லை.

"நெருப்பில்லாம எப்பிடிச் சூடாவுது?"

ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்து, மூடி, "தெரியல அண்ணி," என்றேன். உங்களிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஏமாந்து போவீர்கள் என்று நினைத்தேன். உங்கள் முகமோ மலர்ந்துவிட்டது.

"உனுக்கும் தெரியலியா? அப்ப வா, பாப்போம்!"

இரண்டு பேரும் துணிகளைப் பிரித்துப் போட்டுப் பார்த்தோம். பிரித்தது ஆறியது, சுருட்டி வைத்தது சுட்டது. எண்ணெய் காயும்போது சூடு விடுகிறது, சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு போக வழியில்லை, சில நேரம் தானாகவே பற்றிக்கொள்ளும் என்று மறுநாள் பாய் சொன்னார். அன்று முதல் துணிகளைக் கொடியில் விரித்துக் காயப்போட்டோம். நான் பரீட்சைக்காக எத்தனையோ படித்திருக்கிறேன் அண்ணி. ஒரு விஷயத்தை ஆசைப்பட்டுத் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

முசியே சொன்னபடி திரும்பி வந்தார். அவர் அம்மா தேறிவிட்டிருந்தார். பலகையை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோது என்னையும் கூப்பிட்டீர்கள்.

"நான் சொல்றத அப்பிடியே பிரெஞ்சுல சொல்லு பாப்பா. ஒரு வார்த்த கூட்டாத, கொறைக்காத."

அவருடைய புது வீட்டு முற்றத்தில் பலகையைப் படுக்க வைத்து, அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே நீங்கள் கறையைக் காட்டினீர்கள். அதைத் துணியால் மூடிக் கொண்டுபோய் வைத்திருக்கலாம். வெள்ளிக் கரண்டி உங்களுக்குள் இன்னும் கிடந்தது.

"எண்ணெய் தீந்துபோச்சி. தெரியாம வேற எண்ணெய் போட்டுட்டேன். ஆனமட்டும் எடுத்தேன், இது போவல. என் தப்பு."

நான் மொழிபெயர்த்தேன். இவர்களிடம் எண்ணெய் தீர்ந்தது என்றேன். இவர்கள் வேறு எண்ணெய் போட்டார்கள் என்றேன். எல்லாம் இவர்கள், இவர்கள் என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசி வரிக்கு வந்தபோது "ஸா ஃபோத்" என்று சொல்ல வேண்டும். இவர்கள் தப்பு. அது என் வாயில் வரவில்லை. "மா ஃபோத்," என்றேன். என் தப்பு.

முசியே ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிரவே படித்த பெண்ணின் இலக்கணப் பிழை என்று நினைத்திருப்பார். என்னைக் காட்டிக்கொடுக்காமலேயே நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் மண்டியிட்டுக் கறையை விரலால் தடவினார். பிறகு குனிந்து பலகையை முகர்ந்தார், நீங்கள் முகர்வீர்களே, அதே மாதிரி. முகம் தெளிந்து, "ஆ, உயில் து லேன்!" என்றார். காகிதத்திலிருந்து நான் படித்துக் காட்டிய அதே பேர். நீங்கள் சட்டென்று தலை நிமிர்ந்தீர்கள். என் பக்கம் திரும்பவில்லை.

கறையின் மேல்தான் நிற்கப்போகிறேன், என் கால் அதை மறைத்துவிடும் என்று அவர் சைகையில் சொல்ல, நீங்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தீர்கள்.

அடுத்த ஞாயிறு வைத்திக்குப்பத்துக்குப் போனோம். நீங்கள் ஒரு வருடமாகப் பார்க்க ஆசைப்பட்டது அதைத்தான்: ஒரு ஆள் தண்ணீர் மேல் எப்படி நிற்கிறார் என்று. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களும் வேடிக்கை பார்த்தார்கள். முசியே பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் துழாவிக்கொண்டு அலைக்கு அப்பால் போய்க் காத்திருந்தார். நீங்கள் கடலையே பார்த்துக்கொண்டு கேட்டீர்கள்.

"பாப்பா, எனுக்குத் தெரிஞ்ச பிரெஞ்சுல மா சூப்புன்னா என்னோட சூப்பு. ஸா சூப்புன்னா அவங்களோடது. அன்னிக்கி மா ஃபோத்னியே. அந்த மா எனக்கா, உனக்கா?"

அலைச் சத்தத்திலும் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

"மொழிபெயர்த்தா அப்பிடித்தான் அண்ணி வரும்," என்றேன்.

"ம்," என்றீர்கள்.

அப்போது ஒரு அலை எழும்பியது. முசியே தடுமாறி, முழங்காலூன்றி, எழுந்து நின்றார். "நின்னுட்டாரு! நின்னுட்டாரு பாப்பா!" என்று என் கையைப் பிடித்துக் குதித்தீர்கள். ஐந்தோ ஆறோ எண்ணுவதற்குள் கவிழ்ந்து விழுந்தார். அதற்கே ஒரு யுகம் சிரித்தோம்.

அதற்குப் பிறகு நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. இன்னும் இரண்டு வருடம் முசியேவுக்குச் சமைத்தீர்கள். எண்பதுகள் பிறப்பதற்குள் அவர் பலகையோடு ஒரேயடியாக ஊருக்குப் போனார். போகும்போது உங்களுக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதினார். இந்த அம்மாளை நம்பி எதையும் ஒப்படைக்கலாம் என்று அதில் இருந்த வரியை நான்தான் உங்களுக்குப் படித்துச் சொன்னேன். மூன்று தடவை படிக்கச் சொன்னீர்கள். அந்தக் கடிதத்தால் பள்ளிக்கூடச் சமையலறை ஒன்றில் நிரந்தர வேலை கிடைத்தது. அண்ணன் போன பிறகும் நாம் இருவரும் எத்தனை சாயங்காலம் எதிரெதிரே உட்கார்ந்து பேசியிருப்போம்! நட்சத்திரம் ஏன் மினுக்குகிறது, பால் ஏன் பொங்குகிறது, எல்லாம் கேட்டீர்கள். இதை மட்டும் விட்டுவிட்டீர்கள். கேட்டால் நான் மறுபடி பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்றுதானே?

ஆபீசில் இத்தனை வருடம் வேலை பார்த்தேன். தெரியாத கேள்வி வந்தால், "தெரியல, வாங்க பாப்போம்," என்று சொல்வேன். என் பழக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது உங்களுடையது.

ஐந்து எண்ணெய் தடவிய பெட்டிப் பலகை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. என் கையெழுத்தில் பேர்கள் மங்கிப்போய்த் தெரிகின்றன. இன்று காலை, கடைசியில் மிச்சமிருந்த இடத்தில், பெயிண்டர் கொடுத்ததிலிருந்து ஆறாவதாக ஒரு சொட்டு வைத்தேன். மூன்று நாளில் விரல் வைத்துப் பார்ப்பேன். அது காய்வதற்குள் உங்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

அந்த மா எனக்கு, அண்ணி. என் தப்பு. இது மொழிபெயர்ப்பு இல்லை.

உங்கள்
பாப்பா